உப்புக் காற்றில் ஒரு மடிக்கணினி



சென்னைக்கும் புதுச்சேரிக்கும் இடையே, கிழக்குக் கடற்கரைச் சாலையில் அமைந்துள்ளது மரக்காணம். விழுப்புரம் மாவட்டத்தைச் சேர்ந்த இவ்வூரின் உப்பளங்களில் ஜனவரி வாக்கில் தொடங்கும் உப்பு விளைச்சல், வடகிழக்குப் பருவமழை வரும்வரை நடைபெறுகிறது. உப்பைத் தரும் இதே கடலும் காற்றும் ஒரு மாணவரின் மடிக்கணினியை என்ன செய்யும்? அதைத் தாங்கும் மடிக்கணினி எப்படி அமைந்திருக்க வேண்டும்?

இவை வெறும் ஏட்டுக் கேள்விகள் அல்ல. தமிழக அரசு 2011 செப்டம்பர் 15ஆம் நாள் விலையில்லா மடிக்கணினித் திட்டத்தைத் தொடங்கியது. எல்காட் நிறுவனம் கொள்முதல் செய்த கணினிகள் அரசுப் பள்ளி, அரசு உதவி பெறும் பள்ளி மாணவர்களின் வீடுகளை அடைந்தன. பல வீடுகளில் அதுவே முதல் கணினி. அது நின்றுபோனால் இன்னொன்று வாங்குவது உப்பளத் தொழிலாளியின் குடும்பத்திற்கு எளிதன்று. ஆகவே, பழுது பார்க்க முடியுமா என்பது அங்கே படிப்பையே தொடும் கேள்வியாகும்.

உப்பு உள்ளே நுழைவது எப்படி?

அலை உடையும்போது நீரில் குமிழிகள் உண்டாகின்றன. அவை வெடிக்கையில் நுண்துளிகள் மேலே தெறிக்கின்றன. துளியிலுள்ள நீர் ஆவியாகிவிட, உப்புத் துகள் காற்றில் மிதந்து கரைக்கு வருகிறது. மடிக்கணினியின் விசிறி, சூட்டைத் தணிப்பதற்காக வெளிக்காற்றை உள்ளே இழுக்கிறது. காற்றோடு உப்பும் சென்று பலகைகளின் மேல் படிகிறது.

உலர்ந்த உப்பு மின்சாரத்தைக் கடத்தாது. ஆனால் காற்றின் ஒப்பு ஈரப்பதம் ஏறத்தாழ 75 விழுக்காட்டைத் தாண்டினால், சோடியம் குளோரைடு காற்றிலுள்ள நீரை உறிஞ்சித் தானே கரைந்துவிடும். கடல் உப்பில் மக்னீசியம் குளோரைடும் கலந்திருக்கிறது. அதற்கோ 33 விழுக்காடே போதும்! ஆகவே கடற்கரையில் கணினிக்குள் படிந்த உப்பு முற்றிலும் உலர்வதே அரிது.

தாய்ப்பலகையில் செப்புத் தடங்கள் மிக நெருக்கமாக ஓடுகின்றன. 3.3 வோல்ட்டு மின்னழுத்த வேறுபாடு கொண்ட இரு தடங்களை உப்புநீர்ப் படலம் இணைத்தால், அங்கே ஒரு சிறு மின்பகுப்புக் கலம் உருவாகிவிடும். நேர்மின்முனையிலுள்ள செம்பு கரைந்து அயனியாகிறது. அந்த அயனிகள் எதிர்மின்முனையில் படிந்து, மரக்கிளை போல வளர்ந்து இரு தடங்களையும் இணைத்துவிடலாம். பழைய செப்புக் குடத்தில் காணும் பச்சைக் களிம்பு இங்கும் தோன்றும். கணினியை அணைத்துவிட்டால் போதுமா? போதாது. மின்கலம் இணைந்திருக்கும்வரை சில தடங்களில் மின்னழுத்தம் இருந்துகொண்டே இருக்கும்.

ஒரு சிறு கணக்கு

மடிக்கணினியில் ஆறு முக்கிய உறுப்புகள் இருப்பதாகக் கொள்வோம்: திரை, விசைப்பலகை, மின்கலம், மின்னேற்றும் துளை, விசிறி, தாய்ப்பலகை. ஒவ்வொன்றும் மூன்று ஆண்டுகள் பழுதின்றி உழைப்பதற்கான நிகழ்தகவு 0.9 என்க. ஆறும் பழுதின்றி இருப்பதற்கான நிகழ்தகவு என்ன?

0.9 × 0.9 × 0.9 × 0.9 × 0.9 × 0.9 = 0.53

அதாவது 100 கணினிகளில் 47இல் ஏதேனும் ஓர் உறுப்பாவது கெட்டிருக்கும். உப்புக் காற்றினால் நிகழ்தகவு 0.8 ஆகக் குறைந்தால் விடை 0.26. அப்போது 100க்கு 74 கணினிகள் பழுதாகும்! ஓர் உறுப்பு கெட்டால் கணினியையே ஒதுக்க வேண்டும் என்றால் 74 வீடுகளில் கணினி இராது. மற்ற ஐந்து உறுப்புகளைத் தனித்தனியே மாற்ற முடியுமானால், பெரிய செலவு தாய்ப்பலகை கெட்ட 20 வீடுகளுக்கு மட்டுமே. இவை எடுத்துக்காட்டுக்காகக் கொண்ட எண்களே. எனினும் அவை சொல்லும் உண்மை பொதுவானது: கருவியின் ஆயுளை உறுப்புகளின் தரம் மட்டுமின்றி, அவை இணைக்கப்பட்ட விதமும் தீர்மானிக்கிறது.

வரப்பு கட்டிய கணினி

உப்பளத்தைப் பாருங்கள். அது பாத்தி பாத்தியாக வரப்புகளால் பிரிக்கப்பட்டுள்ளது. ஒரு வரப்பு உடைந்தால் அதை மட்டுமே அடைப்பார்கள். உப்பளம் முழுவதையும் அழித்துக் கட்டுவதில்லை. கணினியிலும் இதே முறையைக் கையாளலாம் அல்லவா? பசையால் ஒட்டுவதற்குப் பதில் திருகாணி. பற்றாசு வைப்பதற்குப் பதில் செருகி எடுக்கும் இணைப்பு.

அமெரிக்காவின் ஃபிரேம்வொர்க் நிறுவனம் 2021இல் இத்தகைய மடிக்கணினியை வெளியிட்டது. திரை, மின்கலம், விசைப்பலகை முதலியவற்றைப் பயன்படுத்துவோரே ஒரு திருப்புளியால் கழற்றி மாற்றலாம். 2022இல் புதிய செயலி பொருந்திய தாய்ப்பலகை வந்தபோது, பழைய உடலிலேயே அதைப் பொருத்த முடிந்தது. பழுது பார்க்கும் வசதியே மேம்படுத்தும் வசதியும் ஆயிற்று.

மறுபக்கமும் உண்டு

செருகும் இணைப்பு ஒவ்வொன்றும் உப்பு நுழையக்கூடிய ஓர் இடமாகும். நன்கு வைத்த பற்றாசில் அத்தகைய இடைவெளி இல்லை. இதனால்தான் நல்ல இணைப்புகளில் தங்க முலாம் பூசுகிறார்கள். தங்கம் எளிதில் அரிக்கப்படுவதில்லை. மேலும், நினைவகச் சில்லு செயலிக்கு அருகில் இருந்தால் குறைந்த மின்சாரத்தில் வேகமாக இயங்கும். மெல்லிய கணினிகளில் நினைவகத்தைப் பற்றாசு வைத்துவிடுவதற்கு இதுவும் ஒரு காரணம். இதற்கும் தீர்வு தேடப்பட்டது. திருகாணியால் பொருத்தும் கேம்-2 என்னும் நினைவகப் பலகைக்கான தர வரையறையை ஜெடெக் அமைப்பு 2023 டிசம்பரில் வெளியிட்டது.

நாம் கேட்க வேண்டியவை

கடற்கரை மாணவருக்கான மடிக்கணினியில் வேண்டுவன இவை: திருகாணியால் கழற்றக்கூடிய மின்கலம், தாய்ப்பலகையிலிருந்து பிரித்த தனிப்பலகையில் மின்னேற்றும் துளை, எளிதில் திறந்து துடைக்கக்கூடிய விசிறி, தங்க முலாம் பூசிய இணைப்புகள், பலகையின் மேல் ஈரம் புகாத மெல்லிய பூச்சு, பல ஆண்டுகளுக்கு உதிரிப் பாகங்களும் பழுதுபார்க்கும் கையேடும்.

பிரான்சு நாட்டில் 2021 ஜனவரி 1 முதல் மடிக்கணினி போன்ற கருவிகளுக்கு, அவற்றைப் பழுது பார்ப்பது எவ்வளவு எளிது என்பதைக் காட்டும் பத்துக்கான மதிப்பெண்ணை விற்கும் இடத்திலேயே தெரிவிக்க வேண்டும். இந்திய அரசும் பழுதுபார்க்கும் உரிமைக்கான இணையதளத்தை 2022 டிசம்பர் 24 அன்று தொடங்கியது. ஆகவே கணினி வாங்கும்போது வேகத்தையும் விலையையும் மட்டும் கேளாதீர்கள். "இதன் மின்கலத்தை மாற்ற முடியுமா? உதிரிப் பாகம் கிடைக்குமா?" என்றும் கேளுங்கள்.

செய்து பாருங்கள்

கல்லுப்பைப் பொடித்து ஒரு தட்டிலும், பொட்டலத்தில் வரும் சுத்திகரித்த தூளுப்பை மற்றொரு தட்டிலும் சம அளவில் பரப்புங்கள். மழைநாளில் இரண்டையும் திறந்த சன்னலருகே வைத்து, மணிக்கொரு முறை கவனியுங்கள். எது முதலில் கசிகிறது? அதில் மக்னீசியம் குளோரைடுக்குப் பங்கு உண்டா என்று உங்கள் வேதியியல் ஆசிரியரோடு கலந்து பேசுங்கள்.