சைக்கிளுக்கு எதற்கு சார் விளக்கு?

நவம்பரில் சென்னையில் மாலை 5.40-க்கெல்லாம் சூரியன் மறைந்துவிடுகிறது. ஜூனில் 6.35 வரை இருக்கும். நம் ஊர் பூமத்திய ரேகைக்கு அருகில் இருப்பதால் சூரியன் ஏறக்குறையச் செங்குத்தாக இறங்குகிறது. அந்தி வெளிச்சமும் இருபது இருபத்தைந்து நிமிடங்களில் தீர்ந்துவிடும். பத்தாம் வகுப்புக்கும் பிளஸ் டூவுக்கும் மாலைநேரச் சிறப்பு வகுப்புகள் சூடுபிடிப்பதும் இந்த மாதங்களில்தான். போதாக்குறைக்கு மழை.

எங்கள் பள்ளி சாந்தோம் பகுதியில் இருக்கிறது. பட்டினப்பாக்கம், மந்தைவெளி, ராயப்பேட்டை என்று பல பக்கங்களிலிருந்தும் பிள்ளைகள் சைக்கிளில் வருகிறார்கள். பெரும்பாலும் அரசு வழங்கிய விலையில்லா மிதிவண்டிகள். அண்ணனோ அக்காவோ பிளஸ் ஒன்னில் வாங்கியது தம்பிக்கு வந்திருக்கும். சென்ற ஆண்டு எங்கள் மாணவி ஒருத்தி சிறப்பு வகுப்பு முடிந்து போகும்போது, சாந்தோம் நெடுஞ்சாலையிலிருந்து உள்தெரு ஒன்றுக்கு வலப்புறம் திரும்ப நடுச்சாலையில் நின்றிருக்கிறாள். பின்னால் வந்த பைக் இடித்து மணிக்கட்டு முறிந்தது. பைக் ஓட்டிய இளைஞரே ஆட்டோ பிடித்து மருத்துவமனைக்குக் கூட்டிப் போனார். அவர் சொன்னது ஒரே வாக்கியம்: “சத்தியமா தெரியல சார்.” சாலையில் விளக்குகள் எரிந்துகொண்டுதான் இருந்தன.

அதன்பிறகு வகுப்பில் விளக்கைப் பற்றிப் பேச்செடுத்தபோது வந்த கேள்விதான் இந்தக் கட்டுரையின் தலைப்பு. “தெருவிளக்கு இருக்கு, ரோடு நல்லாத் தெரியுது. சைக்கிளுக்கு எதற்கு சார் விளக்கு?” நியாயமான கேள்வி. கிராமத்து இருட்டில் ஓட்டுகிறவருக்கு வழி தெரிய விளக்கு வேண்டும். நகரத்தில் தேவை வேறு: நான் இங்கே இருக்கிறேன் என்று பிறருக்குத் தெரிய வேண்டும். தனக்குச் சாலை தெரிவதால் சாலைக்கும் தன்னைத் தெரியும் என்று பிள்ளைகள் நினைத்துக்கொள்கிறார்கள். எதிரே வரும் முகப்பு விளக்குகள், கடை வெளிச்சம், ஈரச் சாலையில் மின்னும் பிம்பங்கள் இத்தனைக்கும் நடுவே கறுப்புச் சைக்கிளும் அடர்நிறச் சீருடையும் கரைந்துபோகும்.

இதைக் கணக்காகப் போட்டுக் காட்டினேன். மணிக்கு 40 கி.மீ. வேகம் என்றால் நொடிக்கு 11 மீட்டருக்குச் சற்று அதிகம். ஓட்டுநர் கண்டு, உணர்ந்து, பிரேக்கை அழுத்த ஒன்றரை நொடி என்று கொண்டால் அதற்குள் சுமார் 17 மீட்டர் போய்விடும். வேகம் நொடிக்கு 5 மீட்டர் வீதம் குறைவதாகக் கொண்டால் நிற்க இன்னும் 12 மீட்டர். மொத்தம் 29. எங்கள் வகுப்பறையின் நீளம் 6 மீட்டர். ஏறத்தாழ ஐந்து வகுப்பறைத் தூரத்துக்கு முன்பே சைக்கிள் கண்ணில் பட்டாக வேண்டும். வராந்தாவில் அந்தத் தூரத்தை அளந்து சுண்ணாம்புக் கோடு போட்டதும் வகுப்பு அமைதியாகிவிட்டது.

அடுத்து, நம் ஊரில் ‘ரேடியம் ஸ்டிக்கர்’ என்று கேட்டு வாங்குகிறோமே, அது. கியூரி தம்பதியர் 1898-இல் கண்டுபிடித்த ரேடியத்துக்கும் இந்த ஸ்டிக்கருக்கும் தொடர்பே இல்லை. ஒரு காலத்தில் கைக்கடிகார முட்களில் ரேடியம் கலந்த வண்ணம் பூசினார்கள், அது இருட்டில் தானே ஒளிர்ந்தது. அந்தப் பெயர் எப்படியோ இதற்கும் ஒட்டிக்கொண்டது. பெயரால் வந்த வினை, ஸ்டிக்கர் தானாக ஒளிரும் என்று பெரியவர்களே நம்புகிறார்கள். வந்த ஒளியை வந்த திசைக்கே திருப்பி அனுப்புவது மட்டும்தான் அதன் வேலை.

இதற்கான சோதனை எளிது. சன்னல்களைச் சாத்தி வகுப்பறையை இருட்டாக்குங்கள். எதிர்ச்சுவரில் ஒரு வெள்ளைத்தாள், ஒரு முகம் பார்க்கும் கண்ணாடி, ஒரு சைக்கிள் ரிஃப்ளெக்டர் மூன்றையும் வரிசையாக ஒட்டுங்கள். ஒரு மாணவர் டார்ச்சைத் தன் காதோரம் வைத்து அடிக்கட்டும். தாள் மங்கலாகத் தெரியும். கண்ணாடி, நேர் எதிரே நின்றால் பளீரென்றும் ஓரடி நகர்ந்தால் கறுப்பாகவும் தெரியும். ரிஃப்ளெக்டரோ ஓரளவு பக்கவாட்டில் நகர்ந்தாலும் விளக்கு போட்டதுபோல் எரியும். இப்போது டார்ச்சை வேறொரு மாணவரிடம் கொடுத்து நான்கைந்து அடி தள்ளி நின்று அடிக்கச் சொல்லுங்கள். டார்ச் பிடித்தவர் “எரியுது” என்பார். முதலாமவர் “எரியலையே” என்பார். எங்கள் வகுப்பில் இதற்குச் சண்டையே நடந்தது!

ரிஃப்ளெக்டரின் பின்புறத்தை உருப்பெருக்கியால் பார்த்தால் சின்னச் சின்ன மூலைகள் தெரியும். ஒன்றுக்கொன்று செங்குத்தான மூன்று பரப்புகள் சந்திக்கும் மூலைக்குள் புகும் ஒளி, மூன்று முறை எதிரொளித்து வந்த திசைக்கு இணையாகவே திரும்புகிறது. ஒன்பதாம் வகுப்புக்கு முழு அக எதிரொளிப்பு நடத்தும்போது வைரத்தோடு இதையும் சேர்த்துக்கொள்ளலாம். 1969-இல் அப்போலோ 11 விண்வெளி வீரர்கள் நிலவில் வைத்துவிட்டு வந்த கருவியிலும் இத்தகைய நூறு மூலைகள் உண்டு. பூமியிலிருந்து லேசர் அனுப்பி, அது திரும்பிவரும் நேரத்தைக் கொண்டு நிலவின் தூரத்தை அளக்கிறார்கள். சைக்கிள் மட்கார்டில் இருப்பதும் அதே தத்துவம் என்றதும் பின்பெஞ்சுக்காரர்களும் எழுந்து வந்து பார்த்தார்கள்.

சோதனையின் பயன் அடுத்த கேள்வியில் இருக்கிறது. முகப்பு விளக்கு போடாமல் வரும் ஆட்டோவுக்கு ரிஃப்ளெக்டர் எரியுமா? எரியாது. குறுக்குத் தெருவிலிருந்து வரும் வண்டிக்கு? அதன் வெளிச்சம் படும் முன்பே நாம் அதன் எதிரில் இருப்போம். ஆகவே ரிஃப்ளெக்டர் இருந்தாலும் சொந்தமாக எரியும் சிவப்பு விளக்கு ஒன்று பின்னால் வேண்டும், முன்னால் வெள்ளை. மிதிவண்டி ரிஃப்ளெக்டர்களுக்கு மத்திய அரசு 2020-இல் தரக்கட்டுப்பாட்டு ஆணை பிறப்பித்திருக்கிறது; புதிதாக வாங்கும்போது இந்தியத் தர முத்திரை இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லலாம்.

பழைய டைனமோவையும் வகுப்புக்கு எடுத்துப் போனேன். டயரில் உரசிச் சுழன்று 6 வோல்ட், 3 வாட் தரும். ஃபாரடேயின் மின்காந்தத் தூண்டலுக்கு இதைவிட நல்ல கருவி ஆய்வகத்தில் இல்லை. ஆனால் சக்கரம் நின்றால் விளக்கும் அணையும். வலப்புறம் திரும்ப நடுச்சாலையில் காத்திருக்கும் நேரத்தில் பார்த்தா அணைய வேண்டும்! பட்டன் செல்லில் எரியும் சிறிய எல்.இ.டி. விளக்குக்கு இந்தக் குறை இல்லை. கடற்கரையோரப் பள்ளிகளுக்கு ஒரு குறிப்பு: உப்புக்காற்றில் செல் தொடும் தகடுகள் சீக்கிரம் துருப்பிடிக்கும், லேசாக வாசலின் தடவி வையுங்கள்.

இனி திரும்பும் சைகை. எங்கள் வானவில் மன்ற மாணவர்கள் 555 ஐ.சி. வைத்து சைக்கிளுக்கு இண்டிகேட்டர் செய்தார்கள். 10 கிலோஓம், 47 கிலோஓம் மின்தடைகள், 10 மைக்ரோஃபாரட் மின்தேக்கி, 9 வோல்ட் பேட்டரி. நிமிடத்துக்கு ஏறத்தாழ 83 முறை மினுங்கும். எல்லாம் ரிச்சி ஸ்ட்ரீட்டில் கிடைக்கும். எல்.இ.டி.க்குத் தொடராக 330 ஓம் போட மறக்க வேண்டாம். கண்காட்சிக்கு அருமையான படைப்பு. ஆனால் சாலையில் நான் அதை முழுதாக நம்பமாட்டேன். சீட்டுக்குக் கீழே இடமும் வலமும் ஒரு சாண் இடைவெளியில் இருந்தால், கண்கூசும் போக்குவரத்தில் எது மினுங்குகிறது என்று பின்னால் வருபவருக்குப் புரிவதில்லை. வைப்பதானால் கைப்பிடியின் இரு முனைகளிலும் வைக்க வேண்டும்.

நீட்டிய கை எல்லாருக்கும் புரியும். இருட்டில் அந்தக் கை தெரியாது என்பதுதான் சிக்கல். அதற்கு எங்கள் மாணவிகளே ஒரு வழி கண்டார்கள்: ஸ்டிக்கர் பட்டையைப் பழைய துணிப்பட்டியில் தைத்து இரு மணிக்கட்டிலும் கட்டிக்கொள்வது. விளையாட்டுத் திடலில் உடற்கல்வி ஆசிரியரோடு சேர்ந்து பயிற்சி கொடுத்தோம். முதலில் பின்னால் திரும்பிப் பார். பிறகு கை காட்டு. பிறகு இரண்டு கையும் கைப்பிடிக்கு வரட்டும். அதன்பிறகே திரும்பு. ஒற்றைக் கையில் நேராக ஓட்டவே பலருக்குத் தடுமாறியது. கோடு போட்டு அதன்மேல் ஓட்டச் சொல்லி இரண்டு வாரம் பழக்கினோம்.

கவனித்த இன்னொன்று: கேரியரில் வைக்கும் புத்தகப்பை கீழே சரிந்து பின் ரிஃப்ளெக்டரை மறைத்துவிடுகிறது. துப்பட்டாவும் அப்படியே. அதனால் மட்கார்டின் கீழ்நுனியிலும் பையின் மேலும் பட்டை ஒட்டச் சொன்னோம். பெடலில் உள்ள மஞ்சள் ரிஃப்ளெக்டர் உடைந்தால் யாரும் மாற்றுவதில்லை. மேலும் கீழும் அசையும் அந்த ஒளிதான் ‘இது சைக்கிள்’ என்று சொல்லும்.

இப்போது வியாழக்கிழமைதோறும் மாலையில் மன்ற மாணவர்கள் இருவர் டார்ச்சோடு சைக்கிள் நிறுத்துமிடத்தின் ஒரு முனையில் நிற்கிறார்கள். வெளிச்சத்துக்குப் பதில் சொல்லாத வண்டிகளின் எண்ணைக் குறித்துக்கொள்கிறார்கள். சென்ற வாரப் பட்டியலில் ஆசிரியர்களின் வண்டிகள் இரண்டு இருந்தன.