பார்ப்பதும் கற்பதும்

நுழையும்முன்

ஒரு காணொலியை எத்தனை பேர் பார்த்தனர் என்பதைக் கணினி நொடியில் எண்ணிச் சொல்லிவிடும். அவர்களுள் எத்தனை பேர் கற்றனர்? இணையவழிப் பாடங்களைச் செம்மைப்படுத்த முனைந்தோர் இவ்வினாவிற்கு விடை தேடிய வகையை இப்பாடத்தில் அறியலாம்.

2011ஆம் ஆண்டில் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் செபாஸ்டியன் த்ரன், பீட்டர் நார்விக் ஆகிய இருவரும் தம் செயற்கை நுண்ணறிவுப் பாடத்தை இணையத்தில் கட்டணமின்றித் திறந்துவைத்தனர். ஏறத்தாழ 1,60,000 பேர் பெயர் பதிந்தனர். இறுதிவரை நின்று முடித்தோர் இருபதாயிரத்துச் சொச்சம் பேரே. அடுத்த ஆண்டில் கோர்செரா, எட்எக்ஸ் ஆகிய தளங்கள் தோன்றின. அவற்றிலும் பெரும்பாலான பாடங்களை முடித்தோர் பதிந்தோரில் பத்தில் ஒரு பங்கினரைக்கூட எட்டவில்லை. பதிந்த அனைவரும் முடிக்கும் எண்ணத்தோடு வந்தவர் அல்லர் என்பது உண்மையே. ஆயினும், கற்கும் வேட்கையோடு வந்து இடையில் நின்றவர்களும் அவர்களுள் இருந்தனர்.

வகுப்பறையில் மாணவர் முகத்தில் குழப்பம் தெரிந்தால் ஆசிரியர் பாடத்தை மீண்டும் விளக்குவார். இணையத்தில் முகம் தெரிவதில்லை. அதற்கு ஈடாக, காணொலியை நிறுத்திய இடம், திரும்பப் பார்த்த பகுதி, தவறாக அளித்த விடை என ஒவ்வொரு சொடுக்கும் பதிவாகிறது. 2014இல் பிலிப் குவோவும் அவர்தம் குழுவினரும் எட்எக்ஸ் தளத்தின் 69 இலட்சம் காணொலிப் பார்வைகளை ஆராய்ந்தனர். காணொலி எவ்வளவு நீண்டதாயினும், பார்ப்போருள் பாதிப்பேராவது ஆறு நிமிடத்திற்குள் விலகிவிடக் கண்டனர். பாடங்களைச் சிறு காணொலிகளாகப் பகுக்குமாறு பரிந்துரைத்தனர். நல்ல மாற்றம்தான். எனினும், பார்த்த நேரம் ஈடுபாட்டைக் காட்டுமேயன்றிக் கற்றலைக் காட்டாது.

இங்கேதான் கற்றல் அறிவியல் துணைக்கு வருகிறது. ஹென்றி ரோடிகர், ஜெஃப்ரி கார்பிக் ஆகியோர் 2006இல் வெளியிட்ட ஆய்வில், மாணவர் சிலர் ஓர் உரைப்பகுதியைத் திரும்பத் திரும்பப் படித்தனர். வேறு சிலர் படித்தபின் அதனைப் பாராமல் நினைவிலிருந்து எழுதினர். ஐந்து நிமிடம் கழித்துச் சோதித்தபோது முன்னவரே மிகுதியாக நினைவுகூர்ந்தனர். ஒரு வாரம் கழிந்ததும் நிலை தலைகீழானது. தமக்கு நன்கு நினைவிருக்கும் என நம்பியவரோ, திரும்பத் திரும்பப் படித்தவரே! தேர்வுக்கு முந்தைய இரவில் ஏட்டைப் புரட்டும் எவரும் அறிந்த மயக்கம் இது.

இணையப் பாடத்திலும் இவ்வாறே நிகழுமா? 2015இல் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தின் கென்னத் கோடிங்கரும் குழுவினரும் உளவியல் அறிமுகப் பாடமொன்றின் தரவை ஆய்ந்தனர். பயிற்சிகளைச் செய்வதற்கும் கற்றலுக்கும் இருந்த தொடர்பு, காணொலி பார்ப்பதற்கும் படிப்பதற்கும் இருந்ததைப் போல் ஆறு மடங்கு வலியதாக இருந்தது. ஆர்வம் மிக்கவரே பயிற்சியும் செய்வர். ஆகவே, உயர்வுக்குக் காரணம் அந்த ஆர்வமாக இருக்கலாமே என ஐயம் எழுவது இயல்பு. அதனைத் தீர்க்க, மறு ஆண்டில் நான்கு பாடங்களின் தரவை அலகு அலகாகப் பிரித்து நோக்கினர். ஆர்வம் மட்டுமே காரணமெனில், எந்த அலகில் செய்த பயிற்சியும் எல்லா அலகுகளின் மதிப்பெண்ணோடும் ஒன்றுபோல் பொருந்த வேண்டும். அவ்வாறு பொருந்தவில்லை. ஓர் அலகில் செய்த பயிற்சி, அந்த அலகின் மதிப்பெண்ணோடு தனித்த தொடர்பு கொண்டிருந்தது.

ஆயினும், பயிற்சியைப் பெருக்கினால் மட்டும் போதாது. ஒரு திறனைப் பயிலப் பயிலப் பிழைகள் குறைய வேண்டும். குறையாவிடில், குறை மாணவரிடமே என முடிவுகட்டுவது எளிது. கோடிங்கர் குழுவினர் பாட அமைப்பையே ஐயுற்றனர். வடிவியல் பயிற்றுவிக்கும் மென்பொருள் ஒன்றில், பல வடிவங்கள் இணைந்த உருவத்தின் பரப்பளவைக் காணும் கணக்குகளில் பிழை எதிர்பார்த்தவாறு குறையவில்லை. உருவத்தை எவ்வாறு பிரிப்பது, எதிலிருந்து எதைக் கழிப்பது எனத் திட்டமிடுவது சூத்திரம் அறிவதினும் வேறான ஒரு திறன். மென்பொருள் அதனைத் தனித்திறனாகக் கொண்டிருக்கவில்லை. எனவே, கணக்கைத் தீர்க்கச் சொல்லாமல் திட்டத்தை மட்டும் கேட்கும் பயிற்சிகள் புதிதாகச் சேர்க்கப்பட்டன. திருத்திய பாடத்தைப் பயின்றோர் முன்னினும் குறைந்த நேரத்தில் தேர்ச்சி நிலையை எட்டினர்.