கறுப்பு வெள்ளைக் கட்டம் – தொழிற்சாலையில் பிறந்து டீக்கடைக்கு வந்த கதை



நம்ம குருபரப்பள்ளி பஸ் ஸ்டாப்பில் இறங்கியதும் சுற்றிலும் பாருங்கள். டீக்கடை, பழக்கடை, பஞ்சர் கடை, பேக்கரி என எந்தக் கடையாக இருந்தாலும் முன்னால் ஒரு அட்டை இருக்கும். அதில் கறுப்பும் வெள்ளையுமாக ஒரு கட்டம் இருக்கும். அதன் பெயர் கியூஆர் கோடு. அதைத் தினமும் பார்க்கிறோம். ஆனால் அது எங்கே பிறந்தது, உள்ளே என்ன இருக்கிறது என்று கேட்டால் நம்மில் பலருக்குத் தெரியாது. எனக்கும் தெரியாமல்தான் இருந்தது. அந்த அறியாமையால் எங்கள் வீட்டில் ஒரு நஷ்டமும் வந்தது. அதைப் பின்னால் சொல்கிறேன். முதலில் பாடத்தைப் பார்ப்போம்.

எங்கே பிறந்தது?

இந்தக் கட்டம் பேங்கிலோ கடையிலோ பிறக்கவில்லை. வாகன உதிரி பாகம் செய்யும் தொழிலில் பிறந்தது. ஜப்பான் நாட்டில் டென்சோ என்ற கம்பெனி வாகன பாகங்கள் செய்கிறது. அங்கே பாகங்கள் வரும் பெட்டிகளில் முதலில் பார்கோடு ஒட்டினார்கள். சோப்பு, பிஸ்கட் பாக்கெட்டின் பின்னால் கோடு கோடாக இருக்குமே, அதுதான் பார்கோடு. அதில் சுமார் 20 எழுத்துகள்தான் அடங்கும். அதனால் ஒரே பெட்டிக்குப் பல பார்கோடுகள் ஒட்டி, ஒவ்வொன்றாக ஸ்கேன் செய்ய வேண்டியிருந்தது. தொழிலாளர்களுக்குக் கை ஓய்ந்து போனது.

இதற்கு வழி கண்டவர் மசாஹிரோ ஹாரா என்ற பொறியாளர். ‘கோ’ என்ற பலகை விளையாட்டில் கறுப்பு, வெள்ளைக் காய்களைக் கட்டங்களின் மேல் வைப்பார்கள். அதைப் பார்த்து அவருக்கு யோசனை வந்தது. 1994ஆம் ஆண்டு கியூஆர் கோடு வெளிவந்தது. காப்புரிமை இருந்தும், யார் வேண்டுமானாலும் பயன்படுத்தட்டும் என்று அந்தக் கம்பெனி விட்டுவிட்டது. அதனால்தான் அது உலகம் முழுக்கப் பரவியது.

ஓசூரில் டிவிஎஸ் மோட்டார், அசோக் லேலண்ட் போன்ற வாகனத் தொழிற்சாலைகள் இருக்கின்றன. வண்டி செய்யும் தொழிலை நம்பித்தான் நம் பகுதியில் எத்தனையோ குடும்பங்கள் வாழ்கின்றன. அப்படிப்பட்ட ஒரு தொழிற்சாலைத் தேவைக்காகப் பிறந்ததுதான் இன்று டீக்கடையில் தொங்குகிறது.

உள்ளே என்ன இருக்கிறது?

மூன்று மூலைகளில் மூன்று பெரிய சதுரங்கள் இருக்கும். நான்காவது மூலையில் இருக்காது. கேமராவுக்கு "இதுதான் கியூஆர் கோடு, இதுதான் மேல் பக்கம்" என்று காட்டுவது அந்த மூன்று சதுரங்கள்தான். அட்டை தலைகீழாக இருந்தாலும் சாய்ந்து இருந்தாலும் போன் படித்துவிடும்.

மற்ற சின்னக் கட்டங்கள் எல்லாம் எழுத்துகளும் எண்களும். மிகச் சிறிய கோடு 21க்கு 21 கட்டம். மிகப் பெரியது 177க்கு 177 கட்டம். எண்கள் மட்டும் என்றால் 7,089 இலக்கங்கள் வரை அடங்கும். அழிந்த இடத்தைக் கணக்குப் போட்டு நிரப்பும் வசதியும் உண்டு. உயர்ந்த வகையில் 30 சதவீதம் வரை அழிந்தாலும் படிக்கலாம். பஜ்ஜி எண்ணெய் பட்ட அட்டையும் வேலை செய்கிறதே, அதன் ரகசியம் இதுதான்.

நம் பாடப்புத்தகத்திலும் கியூஆர் கோடு இருக்கிறது. தமிழ்நாட்டில் 2018இல் வந்த புதிய பாடப்புத்தகங்களில் அது அச்சிடப்பட்டது. 2023 ஆகஸ்ட் முதல் 300 முக்கிய மருந்து பிராண்டுகளின் அட்டையிலும் பார்கோடு அல்லது கியூஆர் கோடு கட்டாயம் என்று ஆக்கினார்கள்.

கடைக்கு எப்படி வந்தது?

2016 ஏப்ரலில் என்பிசிஐ என்ற நிறுவனம் யுபிஐ முறையைத் தொடங்கியது. ஒரு பேங்க் கணக்கிலிருந்து இன்னொரு பேங்க் கணக்குக்குப் போன் மூலமாக உடனே பணம் அனுப்பும் முறை இது. அதே ஆண்டு நவம்பர் 8ஆம் தேதி பழைய 500, 1000 ரூபாய் நோட்டுகள் செல்லாது என்று அறிவிக்கப்பட்டது. கையில் நோட்டு இல்லாமல் மக்கள் தவித்தபோது யுபிஐ பக்கம் பலர் திரும்பினார்கள். 2025 ஆகஸ்ட் மாதத்தில் மட்டும் 2,000 கோடிக்கும் மேற்பட்ட முறை யுபிஐயில் பணம் கைமாறியது.

கடைக்காரருக்கு என்ன லாபம்? சில்லறைத் தொல்லை இல்லை. "சில்லறை இல்லப்பா, மிட்டாய் எடுத்துக்கோ" என்ற பேச்சு குறைந்துவிட்டது. பேங்க் கணக்கிலிருந்து யுபிஐயில் வரும் பணத்துக்குக் கடைக்காரரிடம் பிடிக்கும் கட்டணம் 2020 ஜனவரியில் நீக்கப்பட்டது. சிப்காட் வேலைக்கு வெளிமாநிலத்திலிருந்து வந்த அண்ணன்மார்களும் சம்பளம் வந்த நிமிடமே ஊரிலுள்ள அம்மாவுக்கு அனுப்பிவிடுகிறார்கள். கடையில் தமிழ், கன்னடம், தெலுங்கு, இந்தி என்று எந்த மொழி பேசுபவர் வந்தாலும் கட்டம் ஒன்றுதான்.

குறையும் உண்டு. டவர் இல்லை என்றால் ஒன்றும் நடக்காது. காசு கையை விட்டுப் போவது கண்ணுக்குத் தெரியாததால் செலவும் கூடுகிறது. எல்லாவற்றையும் விடப் பெரிய குறை, ஏமாற்றுக்காரர்களும் இதைக் கற்றுக்கொண்டதுதான்.

எங்கள் வீட்டில் நடந்தது

எங்கள் அத்தை ஹைவே ஓரத்தில் சின்ன இட்லிக் கடை வைத்திருக்கிறார். போன மாம்பழ சீசனில் ஒரு நாள் சாயங்காலம் போன் வந்தது. "நாங்க கம்பெனியில இருந்து பேசறோம். நாளைக்கு 40 பேருக்கு டிபன் வேணும். அட்வான்ஸ் 1,900 ரூபா இப்பவே போடறோம். வாட்ஸ்அப்ல ஒரு கோடு அனுப்பியிருக்கோம், ஸ்கேன் பண்ணி பின் போடுங்க, பணம் வந்துடும்" என்றார்கள்.

அத்தைக்கு ஒரே சந்தோஷம். "எனக்கு இதெல்லாம் தெரியாது கண்ணு, நீ பாரு" என்று போனை என்னிடம் கொடுத்தார். நான்தான் ஸ்கேன் செய்தேன். திரையில் 1,900 என்று வந்தது. யாரோ முன்பின் தெரியாத ஒருவரின் பெயர் வந்தது. கீழே ‘பே’ என்று இருந்தது. ‘பே’ என்றால் ‘கொடு’ என்று எனக்குத் தெரியாதா? ஆறாம் வகுப்பிலேயே படித்திருக்கிறேன். ஆனால் அவர்கள் போனில் "சீக்கிரம், சீக்கிரம்" என்று சொல்லிக்கொண்டே இருந்தார்கள். அத்தை பின் நம்பர் சொன்னார், நான் போட்டேன். பணம் வரவில்லை, போய்விட்டது. திருப்பிக் கூப்பிட்டால் சுவிட்ச் ஆஃப்.

அத்தை என்னைத் திட்டவே இல்லை. "பரவால்ல விடு கண்ணு" என்றார். மறுநாள் காலை நாலு மணிக்கு வழக்கம் போல எழுந்து மாவு கரைத்தார். அதைப் பார்த்தபோதுதான் எனக்கு அழுகை வந்தது. மூன்று நாள் கழித்து எங்கள் சாரிடம் சொன்னேன். "உடனே 1930க்குப் போன் பண்ணியிருக்கணும்மா" என்றார். அப்புறம் புகார் கொடுத்தோம். பணம் திரும்பவில்லை.

எங்கே தவறு?

தவறு கட்டத்தில் இல்லை. கியூஆர் கோடு என்பது தபால் கவரில் எழுதும் முகவரி மாதிரி. பணம் யாருக்குப் போக வேண்டும் என்பது மட்டும்தான் அதில் இருக்கும். சில சமயம் எவ்வளவு என்பதும் இருக்கும். அதில் நம் பின் நம்பர் இல்லை. ஸ்கேன் செய்வதால் மட்டும் பணம் போகாது. பின் நம்பர் போட்டால் கதவு திறக்கும். அந்தக் கதவு வெளியே போக மட்டும்தான். உள்ளே பணம் வர நாம் எதையும் திறக்க வேண்டியதில்லை. கடை அட்டைக்குப் பணம் வரும்போது கடைக்காரர் என்றைக்காவது பின் நம்பர் போடுகிறாரா? இல்லையே! இதை நான் அன்றே யோசித்திருக்க வேண்டும்.

இன்னொரு விதமும் உண்டு. 2025 ஜனவரியில் மத்தியப் பிரதேசத்தில் கஜுராஹோ என்ற ஊரில் இரவோடு இரவாகப் பல கடைகளின் கியூஆர் அட்டை மேல் வேறு அட்டையை ஒட்டிவிட்டார்கள். வாடிக்கையாளர் கொடுத்த பணம் வேறு ஒருவருக்குப் போனது. ஒரு மருந்துக் கடையில் ஸ்கேன் செய்தபோது வேறு பெயர் வந்ததால் விஷயம் தெரிந்தது. பெயரைப் படித்ததால் பிடிபட்டது, பாருங்கள். 2025ஆம் ஆண்டு முதல், பணம் அனுப்பும் முன் பேங்கில் பதிவான உண்மையான பெயரைத்தான் திரையில் காட்ட வேண்டும் என்று என்பிசிஐ விதி செய்திருக்கிறது. எனவே அந்தப் பெயரை நம்பிப் படிக்கலாம்.

நினைவில் வைப்போம்

1. பணம் வாங்க ஸ்கேன் வேண்டாம், பின் நம்பர் வேண்டாம். கேட்டால் அது ஏமாற்று வேலை.
2. பின் போடும் முன் பெயரையும் தொகையையும் வாய்விட்டுப் படியுங்கள்.
3. கடை வைத்திருப்பவர்கள் காலையில் கடை திறந்ததும் அட்டையைத் தடவிப் பாருங்கள். மேலே வேறு தாள் ஒட்டியிருக்கிறதா என்று தெரியும்.
4. வாடிக்கையாளர் காட்டும் ‘பணம் போய்விட்டது’ படத்தை நம்பாதீர்கள். சவுண்ட் பாக்ஸ் சத்தமோ பேங்க் மெசேஜோ வந்தால்தான் கணக்கு.
5. பின் நம்பரை யாரிடமும் சொல்லக்கூடாது, என்னைப் போன்ற வீட்டுப் பிள்ளையிடம்கூட! பெரியவர்களே போடட்டும், நாம் படித்துக் காட்டுவோம்.
6. அவசரப்படுத்தினால் போனை வையுங்கள்.
7. ஏமாந்துவிட்டால் வெட்கப்படாமல் உடனே 1930. சீக்கிரம் சொன்னால், பணம் வேறு கணக்குக்கு மாறும் முன் நிறுத்தி வைக்க வாய்ப்பு உண்டு.

நண்பர்களே! நம் வீட்டுப் பெரியவர்கள் பலர் போனை நம்மிடம்தான் நீட்டுகிறார்கள். "நீ படிச்ச புள்ள, நீ பாரு" என்கிறார்கள். அந்த நம்பிக்கைக்கு நாம் செய்யும் மரியாதை, அவசரப்படாமல் ஒரு வரியைப் படிப்பதுதான். இன்று வீட்டுக்குப் போனதும் இந்த ஏழையும் ஒருவருக்காவது சொல்லுங்கள். நான் அத்தைக்குச் சொல்லிவிட்டேன். இப்போது அவர் கடை அட்டைக்குக் கீழே என் கையெழுத்தில் 1930 என்று பெரிதாக எழுதி ஒட்டியிருக்கிறோம்.

சொல்லுங்க பார்க்கலாம்!
அ) கியூஆர் கோட்டின் எத்தனை மூலைகளில் பெரிய சதுரம் இருக்கும்?
ஆ) அது எந்த ஆண்டு வெளிவந்தது?
இ) பணம் வாங்கும்போது பின் நம்பர் போட வேண்டுமா?

விடைகள்: அ) மூன்று ஆ) 1994 இ) வேண்டவே வேண்டாம்!



– பத்தாம் வகுப்பு ‘ஆ’ பிரிவு மாணவி