இலவசமாகப் பூசினேன் என்றால் பொறுப்பு போய்விடுமா?

கேள்வி: எங்கள் காருக்கு மூன்று வயது, கறுப்பு நிறம். ஆர்.சி. என் மனைவி பெயரில் இருக்கிறது. கோவையில் ஒரு டீட்டெய்லிங் கடையில் உள்ளும் புறமும் சுத்தம் செய்து பாலிஷ் போட 7,500 ரூபாய்க்குப் பேசி, ஜிபேயில் பணம் கொடுத்தேன். வண்டியை விடும்போது கடைக்காரர், “வெளிநாட்டு பிரீமியம் சீலன்ட் ஒண்ணு புதுசா வந்திருக்குதுங்க சார். கறுப்பு வண்டியில போட்டாத்தான் அதோட பவுசு தெரியும். உங்க வண்டியில டிரையல் பார்க்கறனுங்க, அதுக்குக் காசு வேண்டாம். ரெண்டு வருசத்துக்குப் பளபளப்பு குறையாது” என்றார். சம்மதித்தேன். வேலை நடக்கும்போது முன்னும் பின்னும் வீடியோ எடுத்துத் தன் இன்ஸ்டாகிராமில் போட்டுக்கொண்டார்.

சாயங்காலம் வண்டியை எடுத்தபோது நன்றாகத்தான் இருந்தது. மறுநாள் வெயிலில் பார்த்தால் பானெட்டிலும் கூரையிலும் வானவில் நிறத்தில் திட்டுத் திட்டாக இருக்கிறது. பானெட் முழுக்கச் சுழல் சுழலாகக் கோடுகள். பானெட் ஓரத்தில் இரண்டு விரல் அகலத்துக்கு பெயிண்டே வெளுத்துவிட்டது. கேட்டால், “ஃப்ரீயா போட்டதுக்கு நான் எப்படிப் பொறுப்பு? நீங்க போர் தண்ணியில கழுவியிருப்பீங்க. கொண்டாங்க, இன்னொருக்கா பஃபிங் போட்டுத் தர்றேன்” என்கிறார். பில்லின் பின்பக்கம் ‘வாகனங்கள் உரிமையாளரின் பொறுப்பில்’ என்று அச்சிட்டிருக்கிறது. கம்பெனி சர்வீஸ் சென்டரில் பானெட், கூரை இரண்டுக்கும் பெயிண்ட் அடிக்க 24,000 ரூபாய் எஸ்டிமேட் தந்திருக்கிறார்கள். இலவசமாகச் செய்த வேலைக்கு வழக்குப் போட முடியுமா? இதற்காகக் கோவைக்கு அலைய வேண்டுமா?
(வாசகர், ஈரோடு)

பதில்: சட்டத்துக்குள் போகும் முன் ஓர் அவசரம். வண்டியை இன்னொரு தரம் பஃபிங்குக்கு விடாதீர்கள். அந்தக் கடையிலும் வேண்டாம், வேறு கடையிலும் வேண்டாம். உங்கள் வழக்கின் முதல் சாட்சி அந்த பானெட்தான். தேய்த்துவிட்டால் தடயம் போய்விடும், பெயிண்டும் இன்னும் மெலிந்துவிடும்.

தொழிற்சாலையில் அடித்து வரும் பெயிண்ட், அடிப்பூச்சு முதல் மேலே உள்ள கிளியர் கோட் வரை, பெரும்பாலான கார்களில் சுமார் 100 முதல் 150 மைக்ரான் தடிமன்தான். ஒரு மைக்ரான் என்பது ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. அதில் கிளியர் கோட் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குதான் இருக்கும். மெஷின் பாலிஷ் என்பது அந்தக் கிளியர் கோட்டைத்தான் கொஞ்சம் கொஞ்சமாகச் சீவுகிறது. சீவிய பெயிண்ட் திரும்ப வளராது.

பெயிண்ட் கணக்கை ஒரு வக்கீல் ஏன் பேசுகிறார் என்று நினைக்கலாம். உங்கள் வழக்கே அதில்தான் இருக்கிறது. நீங்களும் சரி, கடைக்காரரும் சரி, எல்லாக் கோளாறையும் சீலன்ட் தலையில் போட்டுப் பேசுகிறீர்கள். கடிதத்தைப் படித்தால் மூன்று தனித்தனிக் குறைகள் தெரிகின்றன. வானவில் திட்டுகள், சீலன்ட்டை அதிகமாகப் பூசி உரிய நேரத்தில் துடைக்காமல் விட்டதால் வருபவை. சூடான தகட்டில் பூசினால் இன்னும் மோசம். இவை பெரும்பாலும் சரிசெய்யக்கூடியவை. சுழல் கோடுகள் ரோட்டரி மெஷினைக் கையாளத் தெரியாமல் ஓட்டியதன் அடையாளம். ஓரத்தில் வெளுத்தது, பெயிண்ட் இயல்பிலேயே மெல்லியதாக இருக்கும் விளிம்பில் மெஷினை அழுத்திக் கிளியர் கோட்டை எரித்ததாகத்தான் இருக்க வேண்டும். அதற்கு மறுபடி பெயிண்ட் அடிப்பதைத் தவிர வழியில்லை.

பாலிஷ் முடிந்த பிறகுதான் சீலன்ட் பூசுவார்கள். ஆகவே மூன்றில் இரண்டு குறைகள், அதிலும் தீராத குறை, நீங்கள் 7,500 ரூபாய் கொடுத்துச் செய்யச் சொன்ன பாலிஷ் வேலையில் விளைந்தவை. கடைக்காரர் எத்தனை முறை ‘ஃப்ரீ’ என்று சொன்னாலும் அந்தச் சொல் அங்கே போய்ச் சேராது. நோட்டீஸிலும் மனுவிலும் பாலிஷ் குறைகளையும் சீலன்ட் குறையையும் தனித்தனியாகப் பிரித்து எழுதச் சொல்லுங்கள். ‘சீலன்ட்டால் என் கார் கெட்டது’ என்று மொத்தமாக எழுதினால் எதிர்த்தரப்புக்கு நீங்களே கதவைத் திறந்துவிட்டதாகிவிடும்.

இனி சீலன்ட். நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019, ‘சேவை’ என்பதற்கு எழுதியிருக்கும் வரையறையில் முற்றிலும் இலவசமான சேவையைச் சேர்க்கவில்லை. கடைக்காரரோ அவருக்கு ஆலோசனை சொன்னவரோ இதைத்தான் பிடித்துக்கொண்டிருக்கிறார்கள். ஆனால் உங்களுக்கு நடந்தது முற்றிலும் இலவசமான சேவையா? ஒரே வண்டி, ஒரே நாள், ஒரே பில். பணம் வாங்கிய வேலையோடு ஒட்டிக்கொண்டு வந்த சலுகை அது. மருத்துவச் சேவை தொடர்பாக உச்ச நீதிமன்றம் 1995-ல் வி.பி. சாந்தா வழக்கில் தந்த தீர்ப்பு இங்கே கைகொடுக்கும். யாரிடமும் எதற்கும் பணம் வாங்காத மருத்துவமனை இந்தச் சட்டத்துக்கு வெளியே நிற்கும். சிலரிடம் கட்டணம் வாங்கிச் சிலருக்கு இலவசமாகச் சிகிச்சை தரும் மருத்துவமனையில், இலவச நோயாளியும் நுகர்வோரே என்றது அந்தத் தீர்ப்பு. டீட்டெய்லிங் கடைக்கு இதைப் பொருத்தி வாதாட முடியும்.

இன்ஸ்டாகிராம் வீடியோ ஒரு படி மேலே போகிறது. அவர் உங்கள் வண்டியை விளம்பரத்துக்குப் பயன்படுத்திக்கொண்டார். புதுச் சரக்கு கறுப்பு வண்டியில் எப்படி ஜொலிக்கிறது என்று காட்ட அவருக்கு ஒரு வண்டி வேண்டியிருந்தது, நீங்கள் கொடுத்தீர்கள். அதையே பிரதிபலன் என்று வாதிடலாம். அதைவிட முக்கியம், பாலிஷுக்கு முன் உங்கள் பானெட் எப்படி இருந்தது என்பதற்கு எதிர்த்தரப்பே எடுத்து வைத்த ஆதாரம் அது. இன்றைக்கே இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். நோட்டீஸ் போன மறுநாள் அந்த வீடியோ அங்கே இருக்கும் என்று எனக்கு நம்பிக்கையில்லை. மின்னணு ஆதாரத்துக்கு பாரதிய சாட்சிய அதினியம் 2023-ன் 63-ஆம் பிரிவுச் சான்றிதழையும் சேர்த்து வைப்பது நல்லது.

இரண்டு வாதமும் எடுபடாமல் போனாலும் வழி அடைபடவில்லை. சாவியைக் கொடுத்து வண்டியை ஒப்படைத்த கணத்திலிருந்து கடைக்காரர் இந்திய ஒப்பந்தச் சட்டம் 1872-ன்படி ஒப்படைப்புப் பெற்றவர். அதன் 151-ஆம் பிரிவு, விவேகமுள்ள ஒரு சாதாரண மனிதன் தன் சொந்தப் பொருளுக்குக் காட்டும் கவனத்தை ‘எல்லா ஒப்படைப்புகளிலும்’ காட்ட வேண்டும் என்கிறது. காசுக்கு வைத்துக்கொண்டதா, சும்மா வைத்துக்கொண்டதா என்ற பேதம் அங்கே இல்லை. டிரையலுக்கு நீங்கள் சம்மதித்தது உண்மை. அந்தச் சரக்கைப் போட்டுப் பார்க்கத்தான் சம்மதித்தீர்கள். கவனக்குறைவாகப் போடுவதற்கு யாரும் சம்மதம் தருவதில்லை.

‘உரிமையாளரின் பொறுப்பில்’ என்ற வாசகத்துக்கு நம் ஊரில் இருக்கும் மரியாதையைப் பார்த்து நான் பலமுறை வியந்ததுண்டு. வாட்டர் சர்வீஸ் முதல் கல்யாண மண்டபம் வரை இந்தப் பலகை இல்லாத இடமில்லை. 1998-ல் டெல்லி தாஜ்மகால் ஹோட்டலில் பார்க்கிங் ஊழியரிடம் சாவியோடு ஒப்படைத்த மாருதி ஜென் காணாமல் போன வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. கொடுத்த சீட்டில் இதே பொருளில் ஒரு வாசகம் இருந்தது. தன் கவனக்குறைவுக்கான பொறுப்பிலிருந்து அந்த வாசகத்தைக் காட்டி ஹோட்டல் தப்ப முடியாது, உரிய கவனம் எடுத்ததாக நிரூபிக்கும் சுமை ஹோட்டலுக்கே என்று 2019-ல் தீர்ப்பு வந்தது. உங்கள் பில்லின் பின்பக்கத்துக்கும் அதுதான் பதில்.

ஆனால் இதை வைத்துக்கொண்டு எல்லாவற்றையும் அவரே நிரூபிக்கட்டும் என்று உட்கார்ந்துவிடாதீர்கள். சேவைக் குறைபாட்டைக் காட்டும் முதல் சுமை புகார்தாரருக்கே என்று எஸ்.ஜி.எஸ். இந்தியா வழக்கில் 2021-ல் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. பெயிண்ட் தடிமனை அளக்கும் கருவி, பழைய கார் வாங்கி விற்பவர்களிடமும் நல்ல டீட்டெய்லிங் கடைகளிலும் இருக்கும். உரிமம் பெற்ற மோட்டார் சர்வேயர் ஒருவரை வைத்து பானெட்டின் நடுவிலும் வெளுத்த ஓரத்திலும் கூரையிலும் அளந்து, தேதியிட்ட அறிக்கையாக வாங்குங்கள். ஒரே பானெட்டில் நடுவில் ஓர் அளவும் ஓரத்தில் அதில் பாதியும் வந்தால் போர் தண்ணீர்க் கதை அங்கேயே முடிந்தது. உப்புத் தண்ணீர் வட்ட வட்டமாக வெள்ளைக் கறைதான் போடும். பெயிண்டைச் சீவாது, மெஷின் வளைவில் கோடும் இழுக்காது. படங்களை நேரடி வெயிலிலும், இரவில் டார்ச் அடித்தும் எடுங்கள். நிழலில் எடுத்த படத்தில் எந்தக் கறுப்பு வண்டியும் புது வண்டிதான்.

சீலன்ட் சரக்கே மோசமா, பூசிய கை மோசமா என்பது உங்களுக்குத் தெரிய வழியில்லை. நோட்டீஸில் அதன் பெயர், பேட்ச் எண், இறக்குமதியாளர் விவரம் கேளுங்கள். பொட்டலப் பொருட்களுக்கான 2011-ஆம் ஆண்டு எடையளவு விதிகளின்படி இறக்குமதியாளரின் பெயரும் முகவரியும் லேபிளில் இருந்தாக வேண்டும். 2019 சட்டத்தின் பொருள் பொறுப்பு அத்தியாயத்தில், ஒரு பொருள் அதைத் தவிர வேறொரு சொத்துக்கு விளைவிக்கும் சேதம் ‘தீங்கு’ எனப்படுகிறது. சீலன்ட் ஒரு பொருள், பெயிண்ட் வேறு சொத்து. தயாரிப்பாளர் இந்தியச் சட்டத்துக்கு எட்டாத வெளிநாட்டில் இருந்தால், இறக்குமதி செய்து விற்றவரிடம் கேட்க 86-ஆம் பிரிவு இடம் தருகிறது. ‘ரெண்டு வருசம்’ என்ற பேச்சு வீடியோவில் பதிவாகியிருந்தால் அதையும் சேருங்கள். சாதாரண சீலன்ட் மாதக்கணக்கில்தான் தாங்கும். ஆண்டுக்கணக்கில் பேசப்படுவது செராமிக் கோட்டிங் வகை.

கோவைக்கு அலைய வேண்டியதில்லை. புகார்தாரர் வசிக்கும் இடத்திலேயே தாக்கல் செய்ய 34-ஆம் பிரிவு அனுமதிக்கிறது. ஈரோடு மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம் போதும். கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் தாக்கல் கட்டணம் கிடையாது. பிரச்சினை எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டு அவகாசம். ஆர்.சி. மனைவி பெயரில் இருப்பதால் இருவரும் சேர்ந்தே புகார்தாரர்களாக இருங்கள். பணம் கொடுத்தவர் நீங்கள், பயன்பெறுபவர் அவர். சட்டம் பயனாளியையும் நுகர்வோர் என்றே சொல்கிறது. வண்டி வாடகைக்கு ஓடுவதில்லை என்று ஒரு வரி எழுதிவிடுங்கள்.

எவ்வளவு கேட்பது? இங்கேதான் நம்மவர்கள் கோட்டை விடுகிறார்கள். 7,500 ரூபாய் வேலைக்கு மன உளைச்சல் என்று ஐந்து லட்சம் கேட்டால் உங்கள் உண்மையான சேதமும் சந்தேகத்துக்கு ஆளாகும். பானெட்டுக்கு மறு பெயிண்ட் செலவு கேளுங்கள், அது நியாயம். கூரையில் வெறும் வானவில் திட்டுதான் என்று சர்வேயர் சொன்னால், அதை நீக்கும் செலவு மட்டும் போதும். 24,000 முழுவதையும் பிடித்துக்கொண்டு நிற்காதீர்கள். கொடுத்த 7,500, சர்வேயர் கட்டணம், அளவான இழப்பீடு, வழக்குச் செலவு இவற்றைச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

முதலில் 15 நாள் கெடு வைத்து ஸ்பீட் போஸ்ட்டில் நோட்டீஸ் அனுப்புங்கள். சட்டப்படி கட்டாயமில்லை, ஆனால் இப்படிப்பட்ட தகராறுகளில் பல அந்த அளவிலேயே முடிந்துவிடுகின்றன. 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணிலும் புகாரைப் பதியலாம். வழக்கானால் எதிர்த்தரப்பு 30 நாளில், மிஞ்சினால் இன்னும் 15 நாளில் பதில் தர வேண்டும். அதைத் தாண்டினால் ஏற்க முடியாது என்று உச்ச நீதிமன்ற அரசியல் சாசன அமர்வு 2020-ல் சொல்லிவிட்டது. மூன்று மாதத்தில் முடிக்க முயல வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. நடைமுறையில் அதைவிடக் கூடுதலாகவே மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

கடைக்காரர் சமரசத்துக்கு வந்து பாதித் தொகையைக் கொடுத்து, ‘முழுத் திருப்தியுடன் பெற்றுக்கொண்டேன்’ என்று கையெழுத்துக் கேட்டால் போடாதீர்கள். தொகையையும் தேதியையும் எழுதி, ‘பகுதித் தொகை, மீதி பானெட் வேலை முடிந்தபின்’ என்று குறிப்பிட்டே ரசீது கொடுங்கள்.