துருப்பிடித்த குழாய்ச் சட்டத்தைச் சிறு வெல்டிங் இயந்திரத்தால் செப்பனிடும் முறை

திருவண்ணாமலை ஜில்லாவில் பால் கேன்களையும், உர மூட்டைகளையும், தீவனக் கட்டுகளையும், மணிலா மூட்டைகளையும் முற்காலத்தில் மாட்டு வண்டிகளே சுமந்து வந்தன. இப்பொழுது அவ்வேலையிற் பெரும்பகுதியைச் சிறு மோட்டார் வண்டிகள் செய்கின்றன. ஓசூரில் செய்யப்பட்டு 1980-ஆம் ஆண்டில் வெளிவந்த டி.வி.எஸ். 50 இவ்வகை வண்டிகளைக் கிராமங்களிற் பரவச் செய்தது. இவற்றிற் பலவற்றிற்கு முதுகெலும்பாயிருப்பது எஃகுக் குழாயாலான சட்டம். எஞ்சின் நல்ல நிலையிலிருக்கையிலேயே சட்டம் துருவால் ஒடிந்து, ஆளும் சுமையும் ரஸ்தாவில் விழ நேரிடுவதுண்டு. ஒடிந்த இடத்தின் மேல் ஒரு பற்று வைத்து ஓட்டினால், சின்னாட்களில் அப்பற்றின் பக்கத்திலேயே மறுபடியும் ஒடிகிறது. இதன் காரணத்தையும், தக்க பரிகாரத்தையும் கீழே விவரிப்போம்.

1. துரு பற்றும் விதம்

இரும்பும், நீரும், காற்றும் சேர்ந்தால் துரு உண்டாகும். நீரில் உப்பு கலந்திருந்தால் துரு விரைவில் பரவும். பொட்டாஷ் உரம் ஒரு வகை உப்பேயாகும். அது காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கும் தன்மையது. மூட்டையிலிருந்து சிந்திய உரமும், புளித்த பாலும், சாணமும், சேறும் சட்டத்தின் மீது தங்கினால் வர்ணம் கெட்டு இரும்பு அரிக்கப்படும்.

வெளித்துருவைக் காட்டிலும் உள்துருவே அபாயகரமானது. திறந்த குழாய் முனைகளின் வழியாகவும், போல்ட்டுத் துவாரங்களின் வழியாகவும் உட்சென்ற மழை நீர், குழாயின் தாழ்ந்த பாகத்தில் தேங்கி எளிதில் உலராது. வெளியே வர்ணம் பளபளப்பாயிருக்க, உள்ளே சுவர் காகிதம்போல் மெலிந்துவிடும்.

2. சோதனை

ஐப்பசி, கார்த்திகை மழை ஓய்ந்து, தீபத் திருவிழாக் கூட்டமும் கலைந்த பின், மார்கழியில் ஒருமுறை சட்டத்தைக் கழுவி உலர்த்திச் சோதிப்பது நலம். சிறு சுத்தியால் குழாயின் நெடுகத் தட்டவேண்டும். நல்ல குழாய் கணீரென ஒலிக்கும். மெலிந்த குழாய் மந்தமாக ஒலிக்கும். ஸ்டாண்டு பொருந்துமிடம், கால் வைக்கும் தளத்தின் அடிக்குழாய், பின் கேரியரின் அடி ஆகியவற்றை முக்கியமாகப் பார்க்கவேண்டும். சந்தேகமான இடத்தைக் கூரிய இரும்பு ஊசியால் அழுத்தினால், அரித்த பாகம் பள்ளமாகும் அல்லது துளைபடும். துருவைச் சுரண்டிய பின் சுவரின் கனம் பாதிக்கும் கீழே குறைந்திருந்தால் அப்பாகத்தை வெட்டியெறிய வேண்டியதே.

3. கிராமப் பட்டறையில் தொடத் தகாத பாகங்கள்

ஹாண்டில் பொருந்தும் தலைக்குழாய், முன் போர்க்கு, பின் சக்கரத்தைத் தாங்கும் கையின் கீல் ஆகியவற்றில் துருவோ வெடிப்போ கண்டால் வண்டியை ஓட்டாமல் நிறுத்திவிட்டு, அப்பாகத்தையே மாற்றவேண்டும். இவை ஒடியுமாயின் ஓட்டுகிறவனுக்குத் தப்ப வழியில்லை. இங்கே கூறும் முறை கேரியர், தளத்தின் பக்கக் குழாய்கள், ஸ்டாண்டுத் தாங்கி போன்றவற்றிற்கே உரியது.

4. ஆயத்தம்

பெட்ரோல் தொட்டியையும் அதன் குழாயையும் கழற்றி வெகு தூரத்தில் வைக்கவேண்டும். பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது. தரையோடு தவழ்ந்து வந்து நெருப்பைப் பற்றும். காலியான தொட்டியும் வெடிக்கும். ஆகையால் அதன்மீது ஒருபோதும் வெல்டிங் செய்யலாகாது. பாட்டரியின் இணைப்பைக் கழற்றிவிட வேண்டும். எர்த் கிளாம்பை வேலை செய்யும் இடத்திற்கு அருகிலேயே, துருவகற்றிய இரும்பில் பிடிக்கவேண்டும். தொலைவிற் பிடித்தால் மின்சாரம் பேரிங்குகளின் வழியே பாய்ந்து அவற்றைக் கெடுக்கும்.

230 வோல்ட் வீட்டு மின்சாரத்தில் வேலை செய்யும் சிறு இன்வெர்ட்டர் இயந்திரம் போதுமானது. எர்த் உள்ள பெரிய பிளக்கில், கனமான வயரைக்கொண்டு இணைக்கவேண்டும். முகத்திற்குப் 10-ஆம் எண் கருங்கண்ணாடி பொருத்திய மூடியும், கைக்குத் தோலுறையும், உடலுக்குப் பருத்தி ஆடையும் அவசியம். வெறுங்கண்ணால் நோக்கினால், அன்றிரவே கண்ணில் மணல் விழுந்தாற்போன்ற வேதனை உண்டாகும். நாகம் பூசிய குழாயை ஒட்டுத்துண்டாக உபயோகித்தல் தகாது. அதன் புகை காய்ச்சலை உண்டாக்கும். பக்கத்தில் ஒரு வாளி மணல் இருக்கட்டும்.

5. வேலை செய்யும் முறை

முதற்கண், துருவும் வர்ணமும் நீங்கி வெள்ளை இரும்பு தெரியும்வரை தேய்க்கவேண்டும். பின்னர், அரித்த பாகத்தை இருபுறமும் நல்ல இரும்பு வரும்வரை ரம்பத்தால் வெட்டி நீக்கவேண்டும். இவ்விடத்திற் செய்யும் சிக்கனமே பின்னால் முறிவுக்குக் காரணமாகிறது. பற்று கனமாயும் விறைப்பாயும் இருக்கும். அதையடுத்த இரும்பு மெலிந்திருப்பின், சுமையின் அசைவு முழுவதும் அம்மெலிந்த இடத்திலேயே சேர்ந்து அதை ஒடிக்கும்.

வெட்டிய இடைவெளிக்கு அதே விட்டமும் கனமும் உள்ள புதுக் குழாய்த் துண்டு ஒன்றைத் தயார் செய்து, இரு முனைகளிலும் உள்ளே இறுகப் பொருந்தும் சிறு குழாயைச் செருகவேண்டும். இவ்வுட்குழாய் ஒவ்வோர் இணைப்பிற்கும் இருபுறமும் 40 மில்லிமீட்டராவது செல்லவேண்டும். இணைப்பு நேர்வெட்டாயிராமல் சாய்வெட்டாயிருந்தால் பலம் அதிகம். முனைகளுக்கிடையே 2 மில்லிமீட்டர் இடைவெளி விட்டால், பற்று உட்குழாயையும் சேர்த்துப் பிடிக்கும்.

6013 என்ற இலக்கமுள்ள உலர்ந்த ராடு இவ்வேலைக்கு ஏற்றது. 2 மில்லிமீட்டர் ராடுக்கு 40 முதல் 60 ஆம்பியரும், 2.5 மில்லிமீட்டர் ராடுக்கு 60 முதல் 80 ஆம்பியரும் வைத்து, முதலில் வீண் துண்டொன்றிற் பழகிப் பார்க்கவேண்டும். மெல்லிய குழாய்க்கு ராடை நெகட்டிவ் முனையில் இணைத்தால் துளை விழுவது குறையும். சட்டத்தை நேராக நிறுத்திக் கட்டி, நான்கு புறமும் சிறு புள்ளிகளாகப் பற்றவைத்து, நேர் தவறாமலிருப்பதைப் பார்த்த பின்னரே முழுவதும் பற்றவைக்கலாம். ஒரேயடியாகச் சுற்றி வராமல், ஒரு விரலளவு ஒரு புறமும், ஆறியபின் எதிர்ப்புறமுமாகச் செய்யவேண்டும். இன்றேல் குழாய் கோணும். ஒவ்வொரு தடவையும் கசடைத் தட்டித் துலக்குதல் வேண்டும். சூட்டின்மீது தண்ணீர் ஊற்றலாகாது. இருபுறமும் அடைபட்ட குழாயாயின், சூடான காற்று வெளியேற ஒரு சிறு துவாரம் இடவேண்டும்; அத்துவாரம் அடிப்புறத்திலிருந்தால் பின்னர் நீர் வடியவும் உதவும்.

6. பிற்காப்பு

ஆறிய பின் பற்றின் ஓரத்தில் பள்ளமோ துளையோ உண்டாவெனப் பார்த்து, குறையிருப்பின் தேய்த்து மறுபடி பற்றவைக்கவேண்டும். வெளியே ரெட் ஆக்ஸைடும் அதன்மேல் வர்ணமும் இருமுறை பூசி, உள்ளே எண்ணெய் ஊற்றிச் சுழற்றி வடித்துவிட வேண்டும். முதலில் சுமையின்றியும், பிறகு பாதிச் சுமையுடனும் ஓட்டி, பற்றை மறுபடி சோதித்த பின்னரே முழுச் சுமை ஏற்றலாம்.

7. கிராம அதிகாரிகள் கவனிக்கவேண்டியது

சட்டத்தில் பொறித்துள்ள சேஸிஸ் எண்ணைத் தேய்க்கவோ வெட்டவோ கூடாதென்று கிராம அதிகாரிகள் வண்டிக்காரர்களுக்கு எடுத்துச் சொல்லவேண்டும். பதிவுச் சான்றிலுள்ள விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றியமைப்பதை 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு தடுக்கிறது. நீட்டிய கேரியரும் அளவு மீறிய சுமையும் துருவைப் போலவே சட்டத்தை ஒடிப்பன என்பதையும் அறிவுறுத்தல் நலம்.

வெல்டிங் இயந்திரத்தை ஒவ்வொருவரும் வாங்கவேண்டுவதில்லை. சில குடியானவர்கள் கூடி ஒன்றை வைத்துக்கொண்டால் கலப்பைக் கொழுவிற்கும், டிராக்டர் டிரெயிலருக்கும் அதுவே பயன்படும். எனினும் உரம் ஏற்றிய அன்றே வண்டியை நல்ல நீரால் கழுவி உலர்த்துவதும், புரட்டாசியிலேயே வர்ணம் பூசுவதும் எந்த வெல்டிங்கைக் காட்டிலும் குறைந்த செலவில் சட்டத்தைக் காக்கும்.