உயர்வானின் ஈரத்தை அளத்தல்

ஈரப்பதத்தை அளக்கும் முறையை நாம் பௌதிக ஆய்வுக்கூடத்திலேயே கற்றிருக்கின்றோம். ஈரத்துணி சுற்றிய வெப்பமானியொன்றும் உலர்ந்த வெப்பமானியொன்றும் அருகருகே தொங்கும். அவற்றின் வேறுபாட்டைக் குறித்துப் பட்டியலைப் புரட்டினால் விடை கிடைத்துவிடும். ஆயின் தரையிலிருந்து பத்துக் கிலோமீட்டர் உயரத்தில் இம்முறை செல்லாது. ஆங்கு நிலவும் குளிரில் துணி உறைந்துபோம்.

அவ்வளவு உயரத்தில் உள்ள நீராவி மிகச் சொற்பமே. அதனை அளக்க இத்துணை முயற்சி எதற்கு என வினவலாம். நீராவி உஷ்ணக் கிரணங்களைத் தடுக்கும் என்பதை ஜான் டிண்டல் 1861-ஆம் ஆண்டிலேயே விளக்கினார். மேலே குளிர்ந்த இடத்திலுள்ள நீராவி, கீழிருந்து வரும் உஷ்ணத்தைப் பற்றிக்கொண்டு, தான் குளிர்ந்திருத்தலால் வெளியே சிறிதளவே விடுகின்றது. ஆதலின் அச்சொற்பமே பூமியின் உஷ்ணக் கணக்கில் பெரும்பங்கு கொள்கின்றது. உலகம் வெப்பமுறுங்கால் அவ்வாவியும் பெருகுமாயின், வெப்பம் இன்னும் மிகும். அது பெருகுகின்றதா என்பதே வினா.

பலூனிற் கட்டி அனுப்பும் ரேடியோசோண்டு கருவிகள் கடுங்குளிரில் மந்தமடைகின்றன; பெருங்கடல்களின்மீது அவற்றை ஏவுவாரும் அரியர். எனவே மேலிருந்து நோக்குதல் அவசியமாயிற்று. மீட்டியோசாட் என்னும் ஐரோப்பியச் செயற்கைக்கோள் 1977-இல் இதற்கென ஒரு தனி அலைவரிசையுடன் ஏவப்பெற்றது.

அம்முறை எவ்வாறெனின்: ஏறத்தாழ 6.7 மைக்ரான் அலைநீளமுள்ள அகச்சிவப்புக் கிரணங்களை நீராவி வலிதாக உட்கொள்ளும். தானும் அவற்றை வெளியிடும். ஆகவே அவ்வலைநீளத்தில் நோக்கும் கருவிக்குத் தரை புலப்படாது. நடுவே கிடக்கும் ஆவிப்படலமே புலப்படும். காற்று ஈரமாயிருப்பின் அப்படலம் உயரத்தில், குளிர்ந்த இடத்தில் அமையும். வறண்டிருப்பின் பார்வை கீழே, வெம்மையான இடம்வரை செல்லும். குளிர்ந்த அளவு ஈரத்தையும் வெம்மையான அளவு வறட்சியையும் குறிக்கின்றன.

கருவி காண்பது உஷ்ணம் ஒன்றே. அதிலிருந்து ஈரப்பத வீதம் கிடைப்பது எங்ஙனம்? காற்று எவ்வளவு ஆவியைத் தாங்கும் என்பதை நிருணயிப்பதும் உஷ்ணமே அன்றோ? வீதம் மாறாதிருக்கக் காற்று மட்டும் வெப்பமுற்றால், ஆவி மிகும், படலம் மேலேறும், ஏறிய இடத்தின் உஷ்ணமோ ஏறத்தாழப் பழையதே. ஆதலின் கருவி காட்டும் உஷ்ணம் வீதத்தையே பின்பற்றுகின்றது. எமது கருத்தில் இம்முறையின் அழகு முழுவதும் இங்கேதான் உள்ளது. சோடன், பிரெதர்டன் என்னும் இருவர் 1993-இல் இத்தொடர்பை ஓர் எளிய மடக்கை வாய்பாடாக அமைத்தனர். அதன்படி வெப்பமண்டலத்தில் நேர்கீழ் நோக்கி 240 கெல்வின் காணப்படின் வீதம் சுமார் 50. 250 கெல்வின் எனில் சுமார் 15. இஃது ஒரு புள்ளியின் ஈரம் அன்று. பல கிலோமீட்டர் தடித்த படலத்தின் சராசரியே.

இனி இடர்ப்பாடுகள். ஒரு கெல்வின் பிழை விடையில் ஏறக்குறையப் பத்தில் ஒரு பங்கைப் புரட்டிவிடும். 1998-இல் ஏவப்பெற்ற நோவா-15 முதல், அமெரிக்கச் செயற்கைக்கோள்களின் அலைவரிசை 6.7 மைக்ரானிலிருந்து 6.5-க்கு மாற்றப்பட்டது. அதனால் அளவு சுமார் 8 கெல்வின் தாழ்ந்தது. இதனைத் திருத்தாமல் வாய்பாட்டிலிட்டால், உலகின் உயர்வான் ஒரே நாளில் இரண்டரை மடங்கு ஈரமாயிற்று என்று எழுதவேண்டிவரும்!

மேகமும் ஓர் இடர். அகச்சிவப்புக் கிரணங்கள் அதனை ஊடுருவா. மேகமற்ற இடங்களை மட்டும் அளந்தாலோ சராசரி வறட்சியின் பக்கம் சாயும். ஆதலின் 183.31 கிகாஹெர்ட்ஸ் அதிர்வெண்ணையடுத்த நுண்ணலைகளையும் கையாளுகின்றனர். அவை மெல்லிய மேகங்களைக் கடந்துவரும். இந்தியாவும் பிரான்சும் கூடிச் சமைத்த மேகா-டிராபிக்ஸ், 2011 அக்டோபர் 12-ஆம் நாள் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஏவப்பெற்று, நிலநடுக்கோட்டிற்கு 20 பாகை மட்டுமே சாய்ந்த பாதையில் சுற்றி, வெப்பமண்டலத்தை ஒரே நாளிற் பன்முறை நோக்கியது. அதிலிருந்த சாஃபிர் கருவிக்கு ஆறு அலைவரிசைகள். மைய அதிர்வெண்ணுக்கு மிக அணித்தானது உயரத்தையும், விலகியவை படிப்படியாகக் கீழ்ப்படலங்களையும் கண்டன. பெரும்புயல் மேகங்களின் பனித்துகள்களோ நுண்ணலைகளையும் சிதறடித்து, ஈரம்போல் பொய்த்தோற்றம் தரும். அவ்விடங்களை நீக்கியே கணக்கிடவேண்டும். அச்செயற்கைக்கோள் 2023 மார்ச் 7 அன்று பசிபிக் பெருங்கடலின்மேல் எரித்தழிக்கப்பட்டது.

முன்னர்க் கேட்ட வினாவிற்கு வருவோம். சோடனும் பிறரும் 1982 முதல் 2004 வரையிலான அளவுகளை ஆராய்ந்து 2005-இல் விடை வெளியிட்டனர். ஆக்ஸிஜன் வெளியிடும் நுண்ணலை காற்றின் உஷ்ணத்தை நேரே காட்டும். ஆவி பெருகாதிருப்பின் அவ்வளவும் நீராவி அளவும் ஒருங்கே உயர்ந்திருக்கவேண்டும். உண்மையிலோ ஆக்ஸிஜன் அளவு உயர்ந்தது. நீராவி அளவு அதற்கொப்ப உயரவில்லை. ஆவிப்படலம் மேலேறியிருந்தது.