கண்ணுக்குத் தெரியாத கம்பி

உள்ளே என்ன நடக்குது என்று தெரியாமலே ஒரு லைப்ரரியைப் பாவிக்கிறது பற்றிப் போன எபிசோட்டில் கதைச்சம். இந்த முறை அதே கேள்வியை ஒரு பழைய ரிமோட் கண்ட்ரோல் விமானத்தை வைத்துப் பார்ப்பம்.

ஜெர்மனியில் இந்தப் பொழுதுபோக்குக்கு நீண்ட வரலாறு இருக்கு. 1930இல் தொடங்கின கிரௌப்னர் நிறுவனத்தின் கிட்டுகளை ஒட்டி வளர்ந்த ஜெர்மன்காரர் நிறையப் பேர். வாசர்குப்பே மலையில் இருக்கிற கிளைடர் மியூசியத்தில் பழைய மாடல் விமானங்களையும் பார்க்கலாம். அப்படியான மாடல்களில் பலதின்ர உடம்பு வழுவழு என்று இருக்கும், வெளியே கம்பி தெரியாது. அப்ப வால் எப்படி அசையுது?

ஆரம்பகால முறை எஸ்கேப்மென்ட். முறுக்கின ரப்பர் பட்டி ஒன்று உடம்புக்குள்ளே ஒரு மெல்லிய கம்பியைச் சுழற்றப் பார்க்கும். சிக்னல் வந்தால் மின்காந்தம் அதைக் கால் சுற்று விடும். பட்டனை அமத்தினால் சுக்கான் வலப்பக்கம், விட்டால் நடு, திரும்ப அமத்தினால் இடப்பக்கம், விட்டால் மறுபடி நடு. நாலு நிலை உள்ள ஸ்டேட் மெஷின்! கடைசியாக எந்தப் பக்கம் போனது என்பதைப் பறக்கவிடுகிறவர்தான் ஞாபகம் வைத்திருக்க வேணும்.

பிறகு சர்வோ வந்தது. சைக்கிள் பிரேக் வயர் மாதிரி, ஒரு பிளாஸ்டிக் குழாய்க்குள்ளே இன்னொரு பிளாஸ்டிக் குழாய் ஓடி வாலைத் தள்ளும், இழுக்கும். வெளிக்குழாயை உடம்போடு ஒட்டிவிடுவார்கள்.

இதிலதான் நான் மாட்டினன். ஃப்ளோமார்க்டில் வாங்கின பழைய கிளைடர் ஒன்றை, 10 டிகிரி குளிர்ந்த கெல்லரில் வைத்து, எலிவேட்டரை நேராகச் சரிசெய்தன். வெயில் நாளில் வயலுக்குக் கொண்டுபோய் எறிந்தன். மூக்கு மேலே எழும்பி, வேகம் செத்து, தொப்பென்று விழுந்தது. நாலு மீட்டர் தள்ளி என்ர மகள் நின்றவள்.

கணக்குப் பாருங்கோ. நைலான் ஒரு மீட்டருக்கு, ஒரு டிகிரிக்கு, சுமார் 0.09 மி.மீ. நீளும். 60 செ.மீ. குழாய், 20 டிகிரி வித்தியாசம் என்றால் கிட்டத்தட்ட 1 மி.மீ. எலிவேட்டரில் அந்தக் குழாய் பிடிக்கிற கை 12 மி.மீ. நீளம் என்றால், அந்த 1 மி.மீ. ஏறக்குறைய 5 டிகிரி திருப்பம். மரத்தாலான உடம்பு அந்தளவு நீளாது. அதனால் வித்தியாசம் முழுக்க வாலுக்குத்தான் போகும்.

கையில் இருந்த ஸ்டிக் சரியாக நடுவில்தான் இருந்தது. ஆனால் ஸ்டிக் காட்டுறது நான் கொடுத்த கட்டளையை மட்டும்தான். வால் எந்த நிலையில் இருக்கு என்பதை வாலைப் பார்த்தால்தான் தெரியும். சர்வர் 200 ஓகே அனுப்பினதால டேட்டா சேவ் ஆயிட்டுது என்று நம்புற மாதிரித்தான் இதுவும்.

இப்ப நான் செய்யிறது மூன்று:

1. மாடலை வயலில் 20 நிமிஷம் வைத்துவிட்டு, பிறகு வாலைக் கண்ணால் பார்த்து டிரிம் பண்ணுறன்.

2. ரிசீவரை ஆன் பண்ணி, வாலை விரலால் மெதுவாக ஆட்டிப் பார்க்கிறன். லொடலொடத்தால் பறக்கவிடுறதில்லை.

3. பழுது பார்க்கும்போது உள்குழாய்க்குப் பதிலாகக் கார்பன் கம்பி போடுறன். அது சூட்டுக்கு நீளுறது மிகக் குறைவு.

மறைத்து வைக்கிறதில் பிழை இல்லை, பார்க்க வடிவாகவும் இருக்கும். ஆனால் மறைத்ததின்ர மறுமுனையை ஒவ்வொரு முறையும் போய்ப் பாருங்கோ. உங்கட கோடுக்கும் அதே கதைதான். அடுத்த எபிசோட்டில் சந்திப்பம்!